ஹைண்ட்ஸ் போன வாரம்

22 ஆகஸ்ட் 2025, வெள்ளி

மாஸ்டடான் என்ற அமெரிக்க மெட்டல் இசைக்குழுவின் முன்னாள் கிட்டாரிஸ்ட் பிரென்ட் ஹைண்ட்ஸ் போய்விட்டார். 20ஆம் தேதி இரவு, அட்லாண்டாவில், பைக் விபத்து. வயது 51.

மார்ச்சில்தான் மாஸ்டடானை விட்டு விலகினார். அப்புறம் பழைய கூட்டாளிகளை இணையத்தில் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தார். இனி யாரும் சமாதானம் பேச முடியாது.

வேறு எதையும் கேட்கப் பிடிக்கவில்லை. மாஸ்டடானின் ‘ஹஷ்ட் அண்ட் கிரிம்’ போட்டேன். அதுவே ஒரு சாவுக்காகச் செய்த ஆல்பம்.

23 ஆகஸ்ட்

அந்தச் சாவு நிக் ஜானுடையது. மாஸ்டடானின் மேனேஜர், அதைவிட நண்பர். கணையப் புற்றுநோய். 2018இல் அவர் நிலைமை மோசமானதும் சுற்றுப்பயணத்தையே ரத்து செய்தார்கள். செப்டம்பரில் இறந்தார். லெட் செப்பலின் என்ற ராக் இசைக்குழு என்றால் அவருக்கு உயிர். அதனால் இறுதிச் சடங்கில் அவர்களுடைய ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ பாட்டை வாசித்தார்கள். அடுத்த வருடம் அதை இசைத்தட்டாகவும் போட்டு, வந்த பணத்தைக் கணையப் புற்றுநோய் ஆய்வுக்குக் கொடுத்தார்கள்.

அந்தத் துக்கம் சொந்தப் பாட்டாக, ‘ஹஷ்ட் அண்ட் கிரிம்’ ஆல்பமாக வெளிவர 29 அக்டோபர் 2021 ஆகிவிட்டது. 15 பாட்டு, ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நீளம் என்று குறை சொல்வார்கள். நாலு பாட்டை வெட்டியிருந்தால் ஆல்பம் இன்னும் கச்சிதமாக இருந்திருக்கும், உண்மைதான். ஆனால் துக்க வீட்டில் யார் சுருக்கமாகப் பேசுகிறார்கள்?

24 ஆகஸ்ட்

இன்று அதே ஆல்பத்தின் ‘ஹேட் இட் ஆல்’ (Had It All) மட்டும்தான். அதில் பிரெஞ்ச் ஹார்ன் ஊதுவது, மாஸ்டடானில் பேஸ் கிட்டார் வாசிக்கும் ட்ராய் சாண்டர்ஸின் அம்மா! கிட்டார் சோலோ சவுண்ட்கார்டன் இசைக்குழுவின் கிம் தாயில் (கேரளத்துப் பெற்றோரின் பிள்ளை). 2017இல் தன் குழுவின் பாடகர் கிறிஸ் கார்னெலைப் பறிகொடுத்தவர். தெரிந்துதான் கூப்பிட்டார்களோ என்னவோ.

இறந்தவரின் உயிர் ஒரு மரத்துக்குள் புகுந்து, பருவங்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே விடைபெறும் என்பதுதான் ஆல்பத்தின் கரு, மாஸ்டடான் ட்ரம்மர் பிரான் டெய்லரின் கற்பனை. சாவை ஆல்பமாக்குவது அவருக்குப் புதிதல்ல. 14 வயதில் தன்னை மாய்த்துக்கொண்ட தங்கை ஸ்கையின் பெயரைத்தான் 2009இல் ‘கிராக் த ஸ்கை’ ஆல்பத்துக்கு வைத்தார்கள்.

26 ஆகஸ்ட்

அலாஸ்கா மேடையில் டெய்லர் பேசிய வீடியோ. ஹைண்ட்ஸுடனான இருபத்தைந்து வருட உறவில் ஏற்ற இறக்கம் இருந்தது, எப்போதும் சரியாக இருந்ததில்லை, ஆனாலும் அவ்வளவு நேசித்தோம் என்கிறார். பூசி மெழுகவில்லை. நண்பனாகவே போனவருக்கு அழுவது ஒன்று, முறைத்துக்கொண்டு போனவருக்கு அழுவது வேறு. இரண்டாவதற்கு இவர்கள் என்ன வாசிப்பார்கள் என்று கேட்கக் காத்திருக்கிறேன்.

மெட்டல் பழக்கமில்லை, எதில் தொடங்கலாம் என்று கேட்டவர்களுக்கு: இதே ஆல்பத்தின் ‘ஸ்கெலிட்டன் ஆஃப் ஸ்ப்ளெண்டர்’. அதில் கத்தல் கிடையாது. பிடித்திருந்தால் ‘பெயின் வித் அன் ஆங்கர்’ போடுங்கள், ட்ரம்ஸைக் கவனியுங்கள். ஹெட்ஃபோன் முக்கியம், பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம்.