சுங்கை சிப்புட்டில் ஓர் இளைஞர் மன்றத்தைக் கைமாற்றிய கதை

எனக்கு வயது முப்பத்தைந்து. வீட்டில் இன்னும் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் சட்டத்தின் கணக்கில் நான் இப்போது இளைஞன் இல்லை. மலேசியாவின் 2007-ஆம் ஆண்டு இளைஞர் அமைப்புகள் சட்டம் 15 வயது முதல் 40 வயது வரை இளைஞர் என்றது. 2019-இல் அந்த நாற்பதை முப்பதாகக் குறைத்தார்கள். உடனே அமலுக்கு வராததால் நாங்களும் மறந்துவிட்டோம். அப்புறம் 2026 ஜனவரி 1 முதல் என்று தேதி குறித்தார்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் இளைஞர் மன்றச் செயலவையில் பதினொரு பேர். அதில் எட்டுப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள். தலைவர் அண்ணனுக்கு முன்தலையில் முடியே இல்லை.

நான் செயலாளர். ஒன்பது வருடம் அதே நாற்காலி. இளையவர்களிடம் கைமாற்ற வேண்டியது என்னவென்று 2025 ஜனவரியில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்: மூன்று ஃபைல், ஒரு ரப்பர் முத்திரை, வங்கிப் புத்தகம், மண்டபத்தின் உபரிச் சாவி. ஒரு மாத வேலை என்று நினைத்தேன். வருடம் முழுக்க இழுத்தது.

முதலில் ஆள் வேண்டும். ஃபுட்சால் பந்தாட்டம் என்றால் நாற்பது பேர் வருவார்கள். கூட்டம் என்று போட்டால் ஆறு பேர், அதிலும் இரண்டு பேர் மீகூன் சாப்பிட வருகிறவர்கள். மூன்று முறை கூட்டம் போட்டு, "யாராவது பொறுப்பெடுங்கப்பா" என்று கெஞ்சிப் பார்த்தேன். எல்லாரும் தலையைக் குனிந்து போனைத் தடவினார்கள். பிறகு நானே வாட்சாப் குழுவின் பழைய செய்திகளைப் புரட்டினேன். கட்டைவிரல் காட்டுகிறவர்கள், காலை வணக்கம் போடுகிறவர்களை எல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஒரு பெண்ணின் செய்திகள் தனியாகத் தெரிந்தன. "அண்ணே, சனிக்கிழமை இடைநிலைப்பள்ளியில புறப்பாடம் இருக்கு, படிவம் நாலு படிக்கிற பிள்ளைங்க வர மாட்டாங்க." "அண்ணே, மண்டபத்துல பின்பக்க ஃபேன் ஓடல." இப்படி இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். நானும் சரி சரி என்று பதில் போட்டுவிட்டு மறந்திருக்கிறேன்! வயது இருபத்து மூன்று, கிளினிக்கில் வேலை.

கேட்டதும் ஒப்புக்கொண்டாள். அவள் அம்மா ஒப்புக்கொள்ள மூன்று வாரம் ஆனது. நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி வந்தது, முறுக்கு வந்தது, பதில் வரவில்லை. மூன்றாவது முறை போனபோதுதான் அந்த அம்மா வாயைத் திறந்தார்: "ஏழு மணிக்கு வீட்டுல இருக்கணும். காசு விஷயத்துல இவ பேரு கெடக்கூடாது." நான் இரண்டுக்கும் சரி என்றேன். முதலாவதைக் காப்பாற்றுவதற்காகவே எங்கள் சனிக்கிழமை அட்டவணையை மொத்தமாக மாற்ற வேண்டியிருந்தது.

தலைவராக ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி வந்தான். பொருளாளர் உறுமி மேளக் குழுவைச் சேர்ந்தவன், தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு. அந்த ஷிப்டு பின்னால் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன்.

மார்ச்சில் அந்தப் பெண் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தாள். "அண்ணே, ஃபைலெல்லாம் படிச்சிட்டேன். அதுல எங்கயும் சனிக்கிழமை என்ன நடக்குதுன்னு இல்லையே." உண்மைதான். கூட்டக் குறிப்பில் 'வாராந்திர நடவடிக்கைகள் சிறப்பாக நடைபெற்றன' என்று ஒரே வரி. ஒன்பது வருடமாக அதே வரி. எழுதியவன் நான். சரி, நாலு சனிக்கிழமை கூடவே வா என்றேன்.

வேலை வெள்ளி இரவே தொடங்கிவிடும். யார் யார் வருகிறீர்கள் என்று குழுவில் கேட்டால் முப்பது பேர் 'வரேன்' என்பார்கள். பதினெட்டுப் பேர் வருவார்கள். விடிகாலையில் மழை பெய்தால் ஒன்பது. நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு இருபது பொட்டலம் சொல்வேன். அவள் எழுதிக்கொண்டே, "ஏன் இருபது?" என்று கேட்டாள். பதினெட்டுப் பிள்ளைகள், வேன் அங்கிள், வாத்தியார். மிஞ்சினால் கோவில் வாசலில் படுத்திருக்கும் பெரியவருக்கு. மிஞ்சாவிட்டால் என்னுடையது அவருக்கு. இதையும் எழுதினாள்.

காலை ஏழரைக்கு வேன் உள்தோட்டத்துக்குப் போகும். ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. லயத்து வரிசை வீடுகளில் பாதிக்குமேல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் கொஞ்சம்தான் மிச்சம். அங்கிருந்து பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். ஏற்றுகிற இடம் பழைய பெரட்டுக் களம். அந்தக் காலத்தில் விடியுமுன் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்கள் என்று என் பாட்டி சொல்வார். நானும் அங்கே நின்று பேர் கூப்பிட்டுத்தான் வேனில் ஏற்றுகிறேன்.

எத்தனை பேர் ஏறினார்கள் என்று எண்ணினால் போதாது. யார் ஏறவில்லை, ஏன் என்று அங்கேயே கேட்க வேண்டும். ஒரு பையன் இரண்டு வாரம் தொடர்ந்து வராமல் போனால் எங்கேயோ கார் கழுவப் போகிறான் என்று அர்த்தம். அப்போது அவனைத் திட்டக் கூடாது, "ஞாயிறு சாயங்காலம் பந்து விளையாட வா" என்று சொல்லி வைக்க வேண்டும். திட்டினால் நம் மூஞ்சியில்கூட முழிக்க மாட்டான். திட்டித் தொலைத்த பிள்ளைகள் இருவர் என் கணக்கில் இருக்கிறார்கள். திரும்பும்போது பெண் பிள்ளைகளை முதலில் இறக்க வேண்டும், அதனால் வழி சுற்றினாலும் பரவாயில்லை. இதற்கெல்லாம் எந்த ஃபைலில் இடம்?

ஒன்பதிலிருந்து பதினொன்று வரை எஸ்பிஎம் என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு. வரலாற்றில் தேறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடையாது என்பதால் அதற்குத்தான் முதலிடம். பாடம் எடுப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தூங்கி வழிகிற கூட்டத்தை எழுப்ப அவர் கையில் ஒரு வித்தை உண்டு. கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலத்தைப் பற்றிய பாடம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார். "1948 ஜூன் 16. மூணு வெள்ளைக்காரத் தோட்டத் துரைங்களைச் சுட்டாங்க. எங்க?" யாருக்கும் தெரியாது. "இங்கதான்டா. ஒருத்தரை எல்பில் தோட்டத்துல. நம்ம சுங்கை சிப்புட்டு. ரெண்டே நாள்ல நாடு முழுக்க அவசரகாலம்." பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். எல்பில் என்ற பெயரை அவர்கள் சாலையோரப் பலகையில் பார்த்தவர்கள். அந்தத் தேதியை மட்டும் ஒருவரும் தப்பாக எழுதியதில்லை.

மாலை நாலு மணிக்கு உறுமி. இதில்தான் சண்டை. எங்கள் மன்றத்துக்கு வெளியில் நல்ல பேர் வாங்கித் தந்தது உறுமிக் குழு. உள்ளூரில் கெட்ட பேர் வாங்கித் தந்ததும் அதுதான். பயிற்சி கோவில் பின்புறம். பக்கத்துத் தாமான் குடியிருப்பில் கைக்குழந்தை உள்ள வீடு ஒன்று, இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர் வீடு ஒன்று. கோவில் நிர்வாகத்தில் சில பெரியவர்களுக்கு உறுமி என்றாலே குடிகாரக் கூட்டம் என்ற எண்ணம். தைப்பூசக் காவடிக்கு மட்டும் அதே பையன்களைத் தேடுவார்கள், அது வேறு கதை. ஒரு முறை பெரியவர் ஒருவர் மேளத்தைக் காலால் தள்ளிவிட, பையன்கள் முறைக்க, நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினேன்.

இதைப் புதுச் செயலாளர் தீர்த்த விதம் எனக்குத் தோன்றியிருக்காது. அவள் அந்த இரண்டு வீட்டுக்கும் போய் எந்த நேரம் தொந்தரவில்லை என்று கேட்டாள். குழந்தை தூங்குவது மூன்றிலிருந்து ஐந்து, இரவு வேலைக்காரர் எழுந்திருப்பது ஐந்து. பயிற்சியை ஐந்தேகாலுக்குத் தள்ளி ஆறரைக்கு நிறுத்தச் சொல்லிவிட்டாள். அவளும் ஏழுக்குள் வீட்டில். நாங்கள் இரண்டு வருடமாகப் பெரியவர்களோடு பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தோம். தூங்குகிற மனுசரிடம் யாருமே கேட்கவில்லை.

ஜூலையில் ஆண்டுப் பொதுக்கூட்டம். எங்கள் விதிப்படி பதினான்கு நாளுக்கு முன் அறிவிப்பு. கோரம் சேர ஃபுட்சால் இறுதி ஆட்டத்தை அன்றைக்கே வைத்து, கூட்டம் முடிந்தால்தான் பந்து என்று சொல்லிவிட்டோம். கொஞ்சம் அராஜகம்தான், ஆனால் ஐம்பத்திரண்டு பேர் வந்தார்கள். தேர்தல் இருபது நிமிடத்தில் முடிந்தது.

பேப்பர் வேலை அப்படி முடியவில்லை. கூட்டக் குறிப்பை மலாய் மொழியில் எழுதி இளைஞர் அமைப்புகளின் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினோம். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தது: ஒருவரின் அடையாள அட்டை எண்ணில் ஓர் இலக்கம் தவறு. திருத்தி அனுப்பினோம். மறுபடி வந்தது: கணக்கறிக்கையில் உட்கணக்காய்வாளர் இருவரில் ஒருவரின் கையெழுத்துதான் இருக்கிறது. இரண்டுமே எங்கள் பிழை, அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அட்டையின் நகலைப் பார்த்து எண்ணை எழுதாமல் வாட்சாப்பில் கேட்டு எழுதியது என் சோம்பல். இதைச் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: கூட்டம் நடக்கும் அன்றே, ஆட்கள் கலையுமுன், எல்லார் அட்டையையும் நகலெடுத்து, எல்லாக் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். பந்து கைக்கு வந்துவிட்டால் ஒருவரையும் பிடிக்க முடியாது.

அடுத்தது வங்கி. காசோலையில் கையெழுத்திடுகிறவர்களை மாற்ற வேண்டும். எங்கள் கிளையில் பழையவர் மூவரும் புதியவர் மூவரும் ஒன்றாக நேரில் வரச் சொன்னார்கள், வேலை நாளில். பழைய தலைவர் லாரி ஓட்டுகிறார், புதுத் தலைவருக்குப் பாலிடெக்னிக்கில் வகுப்பு, பொருளாளருக்கு ஷிப்டு. முதல் முறை ஐந்து பேர் போய்த் திரும்பினோம். இரண்டாம் முறை ஆறு பேரும் போனோம், மன்ற முத்திரையை நான் வீட்டில் வைத்துவிட்டேன். பொருளாளர் தம்பி இரவு ஷிப்டு முடித்துத் தூங்காமல் வந்திருந்தான். அங்கேயே நாற்காலியில் சாய்ந்து குறட்டை விட்டான். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மூன்றாம் முறைதான் காரியம் முடிந்தது. அதற்குள் தீபாவளி, அக்டோபர் 20, தாண்டிவிட்டது. தீபாவளி நிகழ்ச்சிக்கான 640 வெள்ளியை (ரிங்கிட்) நானும் பழைய தலைவரும் கையிலிருந்து போட்டோம்.

நடுவில் வேன் காசு. வேன் அங்கிளுடையது சொந்த வண்டி, டீசல். 2024 ஜூன் 10-ஆம் தேதி லிட்டர் டீசல் 2.15-இலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியபோதே அவர் முனகினார். ஒரு வருடம் பொறுத்துவிட்டு 2025-இல்தான் கூடுதலாகக் கேட்டார். பிள்ளைகளிடம் தலைக்கு ஒரு வெள்ளி வாங்கிக்கொண்டிருந்தோம், அதை இரண்டாக்கினாள் செயலாளர். எனக்கு மனமில்லை. அவள், "பேருக்கு ஒரு வெள்ளி வாங்கினா அவங்களுக்கே கூச்சமாயிருக்கு, ரெண்டு வெள்ளி குடுக்கட்டும், ரசீது தருவோம்" என்றாள். ரசீதா, இரண்டு வெள்ளிக்கா என்று சிரித்தேன்.

தோட்டத்தில் ஓர் ஆயாவிடம் அந்த முதல் ரசீது போனது. பேத்திக்காக வாங்கினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். அதில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய சீட்டுகள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக, அன்றைய மலாயா அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய சங்கம் அது. ஆயாவின் வீட்டுக்காரர் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கியிருக்கிறார். எங்கள் ரசீதும் அந்த டின்னுக்குள் போனது. அதற்குப் பிறகு ரசீதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

டிசம்பர் கடைசியில் சாவியையும் முத்திரையையும் கொடுத்தேன். தை பிறந்து முதல் ஞாயிறு, ஜனவரி 18, அவர்கள் தனியாக நடத்திய முதல் பொங்கல் விழா. காலை ஆறேகாலுக்கு என் போன் அடித்தது. வேன் அங்கிள். பழக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, "அங்கிள், இனிமே அந்தப் பொண்ணுகிட்டதான் கேக்கணும்" என்றேன்.

"அது நேத்தே பேசிடுச்சுப்பா. பேரெல்லாம் எழுதிக் குடுத்திருக்கு. உன் பேரும் இருக்கு, எங்க ஏத்தணும்னு கேக்கத்தான் கூப்புட்டேன். அப்புறம், ரெண்டு வெள்ளியைச் சில்லறையா கொண்டாரச் சொல்லிச்சு."