பவளத் தொட்டி: கண்ணாடிக்குக் கீழே இருக்கிற பாதி

ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டடி உயரம். பெரிய பவளத் தொட்டி, அதாவது உயிருள்ள பவளம் வளர்க்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டி, வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த அளவில்தான் வந்து நிற்கிறார்கள். வந்ததும் கேட்பது, எந்த லைட் வாங்கலாம் என்று. லைட்டை மூன்று மாதம் கழித்து வாங்கினாலும் குடி முழுகிவிடாது. தரை தாங்குமா, தண்ணீர் எங்கிருந்து வரும், மே மாதத்தை எப்படித் தாண்டுவது, கரண்ட் போனால் எது ஓடும்? இந்த நாலுக்கும் பதில் கையில் இல்லாமல் கண்ணாடி வெட்டக் கொடுக்காதீர்கள். இங்கே எழுதுவதெல்லாம் சென்னை மாதிரி கடலோர ஊர் வீட்டை மனதில் வைத்து.

180 × 75 × 60 செ.மீ. தொட்டியை 15 மி.மீ. கண்ணாடியில் கட்டினால் காலியாகவே ஏறத்தாழ 165 கிலோ. தண்ணீர், பாறை, மணல், ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்குள் அடியில் உட்காரும் சம்ப் என்கிற இரண்டாவது தொட்டி எல்லாம் சேர்ந்து 1,200 கிலோவைத் தாண்டும். அத்தனையும் 1.35 சதுர மீட்டர் தரையில் இறங்குகிறது. வீட்டு அறைகளுக்கு நம் கட்டட விதி எடுத்துக்கொள்ளும் பளு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. தரைத்தளம் என்றால் கவலை இல்லை. மாடி என்றால், அடியில் பீம் ஓடும் இடத்தில் சுவரை ஒட்டி வைப்பதுதான் முறை. அந்த பீம் எங்கே இருக்கிறது என்பதைக் கட்டட வரைபடத்தோடு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டிக் கேட்டுவிடுங்கள். மேஸ்திரி "தாங்கும் சார்" என்று சொல்வது பதில் ஆகாது.

ஸ்டாண்டுக்கு 50 மி.மீ. சதுர இரும்புக் குழாயை வெல்டு செய்து பவுடர் கோட்டிங் கொடுத்தால் போதும். பார்ட்டிகிள் போர்டு வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீர் நாலு தடவை தெறித்தால் அப்பளமாக உப்பிவிடும். தொட்டிக்கு அடியில் 10 மி.மீ. தெர்மாகோல் ஒரு தகடு, ஸ்டாண்டு சாயாமல் நிற்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு.

இனி குழாய் வேலை. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

மேல் தொட்டியின் பின்பக்கம், வழியும் தண்ணீரைப் பிடித்துச் சம்புக்கு அனுப்பும் ஓவர்ஃப்ளோ பெட்டி. அதிலிருந்து ஒன்றரை அங்குலக் குழாய் மூன்று கீழே இறங்குகின்றன. முதல் குழாய் முழுக்க நிரம்பி, காற்றே இல்லாமல் ஓடும். அதில் மட்டும் கேட் வால்வு. இரண்டாவதில் மிச்சம் மீதி மெல்லிசாக வழியும். மூன்றாவது அவசரத்துக்கு, சாதாரண நாளில் காய்ந்தே கிடக்க வேண்டும், அதில் தண்ணீர் சத்தம் கேட்டால் முதல் குழாயில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். நத்தை ஒன்று போய் உட்கார்ந்தாலே போதும். ஒற்றைக் குழாயை நம்பி ஓட்டும் தொட்டிகள் ஹாலை நனைப்பது இப்படித்தான்.

வால்வு சரிசெய்கிற விதம்: முழுக்கத் திறந்து பம்பைப் போடுங்கள். குழாய் கழிப்பறை ஃப்ளஷ் மாதிரி குர்ரென்று இழுக்கும். கால் சுற்று மூடி, அரை நிமிடம் பொறுங்கள். மறுபடி கால் சுற்று. ஒரு கட்டத்தில் உறிஞ்சும் சத்தம் சட்டென்று அடங்கி, பெட்டியில் தண்ணீர் மட்டம் மெதுவாக ஏறி, இரண்டாவது குழாயின் உதட்டில் நூல் மாதிரி வழிய ஆரம்பிக்கும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். கைப்பிடியைக் கால் சுற்றுத் திருப்பினாலே முழுக்க மூடிவிடும் பால் (ball) வால்வில் இந்த நுணுக்கம் வராது, அதனால்தான் கேட் வால்வு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பித்தளை கேட் வால்வை மட்டும் வாங்காதீர்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது, செம்பு கரைந்தால் பவளமும் இறாலும் நத்தையும் பிழைக்காது. யு.பி.வி.சி. வால்வே வேண்டும்.

துளை போடும் கண்ணாடி டஃபன்டாக (சூடாக்கி உறுதியேற்றியதாக) இருக்கக் கூடாது, துளை வைத்த நொடியில் பொடிப்பொடியாகிவிடும். துளையில் குழாயைப் பொருத்தும் டேங்க் கனெக்டரைக் கையில் வைத்துக்கொண்டு அதன் வெளி விட்டத்தை அளந்த பிறகுதான் துளை அளவு சொல்ல வேண்டும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ரப்பர் வாஷர் உதடு இருக்கிற பக்கம், நட்டு பக்கம் அல்ல. பாதி ஒழுகல் இந்த ஒரு தவறால்தான்.

அடுத்தது, கரண்ட் போனால் மேலிருந்து எவ்வளவு தண்ணீர் கீழே வரும் என்கிற கணக்கு. இந்தத் தொட்டியில் ஒரு செ.மீ. உயரம் என்பது 13 லிட்டர். பம்பிலிருந்து மேலே வரும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 5 செ.மீ. கீழே இருந்தால், பம்ப் நின்றதும் அதுவே சைஃபனாகி 65 லிட்டரைக் கீழே இழுத்துவிடும். ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் இருப்பது தனி. 120 × 50 × 40 செ.மீ. சம்பில் ஓடும்போது 145 லிட்டர் நின்றால், மிச்ச இடம் 95 லிட்டர்கூட இருக்காது. ஆகவே வாயை 2 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். தண்ணீரைத் திரும்பி வரவிடாத செக் வால்வு போட்டிருக்கிறேன் என்று சொல்வார்கள். ஆறு மாதத்தில் அதில் சுண்ணாம்பு படிந்து பாதி திறந்தபடி நிற்கும். சைஃபனை உடைக்கக் குழாயில் போடும் சிறு துளையும் இளஞ்சிவப்புப் பாசி படிந்து அடைபடும். உப்பு போடுவதற்கு முன்பே, வெறும் தண்ணீரில், பத்துத் தடவை பம்பை நிறுத்திப் பார்த்துவிட்டு, நிறுத்தியபோது சம்பில் ஏறும் மட்டத்துக்கு மார்க்கரால் கோடு போடுங்கள். பின்னாளில் அந்தக் கோட்டைத் தாண்டினால் மேலே ஏதோ மாறியிருக்கிறது.

ரிட்டர்ன் பம்ப் மணிக்கு 3,000 லிட்டர் மேலே அனுப்பினால் தாராளம். ஆறடி ஏற்றும்போது பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு வாங்குங்கள். பவளத்துக்கு வேண்டிய நீரோட்ட வேகத்தை, தொட்டிக்குள்ளேயே தண்ணீரைத் தள்ளும் வேவ்மேக்கர்கள்தான் கொடுக்க வேண்டும்.

தண்ணீர். சமையலறை ஆர்.ஓ. மெஷினை நம்பாதீர்கள். குடிக்க ருசி வேண்டும் என்பதற்காக அதில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) கன்ட்ரோலர் வைத்து, வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்தே அனுப்புகிறார்கள். தொட்டிக்கு வேண்டியது பூஜ்ஜியம். 5 மைக்ரான் ஃபில்டர், கார்பன் பிளாக், மெம்பரேன், கடைசியில் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின், இவ்வளவுதான் சரக்கு. போர் தண்ணீர் 1,500 டி.டி.எஸ். இருக்கிற வீட்டில் நல்ல மெம்பரேன்கூட 40, 50 மீதம் விடும், ரெசின் வேகமாகத் தீரும். தீரும்போது முதலில் நழுவுவது சிலிகேட். மீட்டர் இன்னும் 1 என்று காட்டிக்கொண்டிருக்க, மணலில் பழுப்புப் படலம் வந்தால் ரெசினைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

கடல் பத்து நிமிடத்தில் இருக்கிறதே, குடத்தில் எடுத்து வரலாமா? கரையோரத் தண்ணீரில் அடையாறும் கூவமும் கலந்திருக்கின்றன; ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பும் இறங்கிவிடும். உப்பு மூட்டை வாங்கிக் கலப்பதே நிம்மதி. மொத்த ஓட்டத் தண்ணீர் 800 லிட்டர் என்று வைத்தால், முதல் நிரப்புக்கு 30 கிலோ உப்பு ஆகும். இலக்கு ஆயிரத்துக்கு 35. உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. தண்ணீரில் பூஜ்ஜியம் வைத்தால் 35 அருகே பிசகும். 35க்கென்று விற்கும் கரைசலை வாங்கி அதில் வைத்துத் திருத்துங்கள்.

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தங்கிவிடும். ஒரு நாளில் 10 லிட்டர் போனால் உப்பு 35இலிருந்து 35.4 ஆகும், நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் நிலைமை புரியும். தானாக நிரப்பும் கருவி ஆடம்பரம் இல்லை. ஆனால் அதன் மிதவை ஒட்டிக்கொண்டால் டிரம் முழுக்க உள்ளே இறங்கும், ஆகவே டிரம்மை 40 லிட்டருக்கு மேல் வைக்காதீர்கள். அத்தனையும் இறங்கினாலும் உப்பு 33.3இல் நிற்கும், யாரும் சாகமாட்டார்கள்.

இனி சூடு. வெளிநாட்டு வீடியோக்களில் ஹீட்டர் பற்றிப் பேசுவார்கள். நமக்கு மே மாதம் அறையே 34 டிகிரி. தொட்டி 26இல் நிற்க வேண்டும். மன்னார் வளைகுடாவிலேயே கடல் 30ஐத் தாண்டிய கோடைகளில் பவளம் வெளிறியிருக்கிறது, 2010லும் 2016லும் நடந்தது அதுதான். நீர்மேல் ஃபேன் அடித்தால் குளிராதா என்றால், பெங்களூரில் குளிரும். சென்னையில் காற்றே ஈரமாக இருப்பதால் ஆவியாதல் மந்தம், 28க்குக் கீழே இறங்காது. அரை ஹெச்.பி.க்குக் குறையாத சில்லர் வேண்டும். அதுவும் அறைக்கு வெளியே, பால்கனியில். உள்ளே வைத்தால் தொட்டியிலிருந்து எடுத்த சூட்டை அறையில் கக்கி, மறுபடி அதையே எடுத்துக்கொண்டிருக்கும். ஏ.சி. மெக்கானிக் மலிவாகச் செய்து தருகிறேன் என்றால் காயில் என்ன உலோகம் என்று கேளுங்கள். டைட்டானியம் தவிர வேறெதுவும் கூடாது.

கரண்ட் போனதும் மீன் திணறுவது ஆக்சிஜன் இல்லாமல். சூடு ஏற மணிக்கணக்காகும், மூச்சு அதற்கு முன்பே முட்டும். எல்லாவற்றையும் இன்வெர்ட்டரில் போட வேண்டாம். 30 வாட் வேவ்மேக்கர் ஒன்று நீர்மட்டத்தைக் கலக்கும் கோணத்தில், கூடவே ஒரு ஏர் பம்ப். 150 ஏ.ஹெச். பேட்டரி ஒன்று இவற்றை முக்கால் நாள் தாங்கும், வீட்டு ஃபேனும் லைட்டும் அதிலேயே தொங்காமல் இருந்தால். சைன் வேவ் இன்வெர்ட்டராக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் ஏ.சி. பம்புகள் உறுமிச் சூடாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சில பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் வரவில்லை. அதற்கெல்லாம் ஜெனரேட்டர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டு நட்புதான் கைகொடுக்கும். மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். எல்லா ஒயரும் பிளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேற வேண்டும். ஒயர்வழி வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பாறை 50 கிலோ, உலர்ந்தது அல்லது செயற்கையாகச் செய்தது. கடலில் எடுத்த, உயிரினங்கள் ஒட்டிய 'லைவ் ராக்' தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒதுங்கிக்கொள்ளுங்கள். கல் பவளமும் கடல் விசிறியும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு மூழ்கிப்போயின. வெளிநாட்டுக் கல் பவளத்துக்கும் பன்னாட்டு வணிக அனுமதிக் காகிதம் வேண்டும், பில்லோடு அதையும் கேளுங்கள். பாறையை நேராகக் கண்ணாடிமேல் நிறுத்தி, பிறகு மணல் போடுங்கள். மணல்மேல் நிறுத்தினால் கோபி மீன் தோண்டித் தோண்டிச் சாய்த்துவிடும். மணல், அரகோனைட் என்கிற சுண்ணாம்பு மணல், 4 செ.மீ. நம் கடற்கரை மணலில் கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்திருக்கும், இல்மனைட்டில் இரும்பு உண்டு. வேண்டாம்.

மீன் கழிவில் வரும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா வளர 5 கிராம் அம்மோனியம் குளோரைடு போட்டால் 800 லிட்டரில் அம்மோனியா 2 பி.பி.எம். வரும். ஈயம் பூசுகிறவர் வைத்திருக்கும் நவச்சாரமும் இதேதான், ஆனால் அதன் சுத்தத்துக்கு யார் பொறுப்பு. லேப் கிரேடு வாங்குங்கள். போட்ட அம்மோனியா 24 மணி நேரத்தில் காணாமல் போகும்வரை காத்திருக்க வேண்டும், நாலிலிருந்து ஆறு வாரம். லைட் அணைந்தே கிடக்கட்டும்.

முதலில் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஒரு ஜோடி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதன் இனப்பெருக்க முறையை உருவாக்கியிருக்கிறது, கடல் மீன் வாங்கத் தேவையே இல்லை. பிறகு மஷ்ரூம், லெதர் போன்ற மென்மையான பவள வகைகள். ஜோவாந்தஸ் அழகுதான், ஆனால் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. அது ஒட்டிய பாறையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யப் போனால் ஆவியிலேயே வீட்டார் ஆஸ்பத்திரிக்குப் போக நேரும்.

கல் பவளம் வளர ஆரம்பித்ததும் ஆல்கலினிட்டி (தண்ணீரின் காரத்தன்மை) இறங்கத் தொடங்கும். 8இலிருந்து 9 டிகிரிக்குள் (dKH, சூட்டின் டிகிரி அல்ல) நிறுத்துங்கள். 800 லிட்டரில் ஒரு டிகிரி ஏற்ற 24 கிராம் சமையல் சோடா. ஒரு நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம், பவளத்தின் நுனி எரிந்துவிடும். பேக்கிங் பவுடர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்னொரு வழி சுண்ணாம்புத் தெளிவு: லிட்டருக்கு ஒன்றரை கிராம் உணவுத் தரக் கால்சியம் ஹைட்ராக்சைடு, கலக்கி வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இரவில் சொட்டுச் சொட்டாக. வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவைத் தொடாதீர்கள், அதில் வேறென்ன இருக்கிறதென்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. சோதனையை வாரத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம் செய்யுங்கள். காலைக்கும் மாலைக்குமே எண் மாறும், அதைப் பார்த்துப் பயந்து சோடாவைக் கொட்டுகிறவர்கள் அதிகம்.