உறுதியாகத் தெரியுமா என்று கேட்டேன்

"உறுதியாத் தெரியுமா?" என்றுதான் கேட்டேன். அன்று அதிகாலையில் நான் அவனைத் திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. இத்தனை வருடம் கழித்தும் இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றால், எங்கோ ஏதோ சரியில்லை என்று எனக்கே தெரிகிறது.

இரவு ஷிப்ட் முடிய ஒரு மணி நேரம் இருந்தது. விமானத்தின் இடது இறக்கையின் பின்பக்கம், விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் எய்லரானின் கேபிள் ஓடுகிற இடத்தில் வேலை முடிந்து பேனல்களை மூடியாகிவிட்டது. டெக்னீஷியன் பையன், வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாதவன், என் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"சார், பிட் ஒண்ணு குறையுது."

ஸ்க்ரூடிரைவர் பிட். பாதி விரல் நீளம்கூட இருக்காது. ஆனால் மூடிய இறக்கைக்குள் கிடந்தால் கேபிளில் சிக்கிக்கொள்ளலாம்.

"எங்க விட்ட?"

"தெரியல சார். கடைசி பேனல் மூடும்போது கையில இருந்த மாதிரி இருக்கு."

"மாதிரின்னு சொன்னா எப்படிப்பா? எல்லாத்தையும் திரும்பத் திறக்கணும், ரெண்டு மணி நேரமாவது ஆகும். உறுதியாத் தெரியுமா?"

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். "இன்னொரு தடவ பாத்துட்டு வரேன் சார்" என்று போனான். இருபது நிமிடத்தில் திரும்பி வந்தான்.

"கிடைச்சிருச்சு சார். ட்ராலிக்கு அடில கிடந்துச்சு."

"சரி" என்றேன்.

டூல் பெட்டியைத் திறந்து காட்டினான். எல்லாப் பள்ளத்திலும் பிட் இருந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். விமானம் நேரத்துக்குக் கிளம்பியது. அதற்கு எதுவும் ஆகவில்லை, அன்றும் சரி, அதற்குப் பிறகும் சரி.

கருவி ஒன்று குறைந்தால் படிவம் எழுதி, விமானத்தை நிறுத்தி வைத்து, கிடைக்கும்வரை தேட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் கிடைத்துவிட்ட கருவிக்கு எதற்குப் படிவம்? விதிப்படி பார்த்தால் நான் எதையும் மீறவில்லை. அந்தக் கேள்வியும் தேவையான கேள்விதான். கருவி குறைகிறது என்று சொல்லும் பல பேர் எண்ணிக்கையைத் தவறாகப் போட்டிருப்பார்கள், அல்லது பக்கத்தில் இருப்பவர் எடுத்துப் போயிருப்பார். கேட்காமலே ஒவ்வொரு முறையும் இறக்கையைத் திறந்தால், திறந்து மூடும் வேலையிலேயே புதுத் தவறுகள் நுழையும். இதையெல்லாம் இன்றும் நம்புகிறேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. முதலில் கையில் இருந்த மாதிரி இருக்கிறது என்றவனிடம், பிறகு ட்ராலிக்கு அடியில் என்று சொன்னபோது, "அப்போ முதல்ல ஏன் அப்படித் தோணுச்சு?" என்று நான் கேட்கவில்லை. "குறையுது" என்றபோது உறுதியைக் கேட்ட நான், "கிடைச்சிருச்சு" என்றபோது கேட்கவில்லை. கெட்ட செய்திக்குத்தான் ஆதாரம் கேட்டேன். நல்ல செய்தி வந்ததும் சரி என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உண்டு. இதை எழுதலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். அந்தப் பெட்டியில் மற்ற பிட்களின் முனைகள் தேய்ந்து கறுத்திருந்தன, ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது என்று எனக்கு நினைவிருக்கிறது. அன்று அதை உண்மையிலேயே பார்த்தேனா, பின்னாளில் என் மனம் அதைப் போய் வைத்ததா, சொல்லத் தெரியவில்லை. பார்த்திருந்தால் பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இந்தத் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு நான் வகுப்பு எடுத்திருக்கிறேன். பழைய விபத்துகளைச் சொல்லித்தான் பாடம். அதில் எப்போதும் சொல்வது 1990 ஜூன் 10 அன்று நடந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390. பர்மிங்காமிலிருந்து மலகாவுக்குப் போன பிஏசி ஒன் இலெவன் விமானத்தில், 17,300 அடி உயரத்தில் கேப்டன் பக்கத்துக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டார். சிப்பந்திகள் அவரைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் இறக்கினார். கேப்டன் பிழைத்துவிட்டார். கிளம்புவதற்கு 27 மணி நேரம் முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதன் 90 போல்ட்களில் 84 விட்டம் குறைந்தவை, மீதி 6 நீளம் குறைந்தவை.

இந்தக் கதையில் போல்ட்டைத் தவறாகத் தேர்ந்தெடுத்தவரைப் பற்றித்தான் வகுப்பில் பேசுவேன். கழற்றிய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போலவே இருப்பதைக் கண்ணால் பார்த்து எடுத்தார், பட்டியலைப் பார்க்கவில்லை என்பேன். ஸ்டோரில் இருந்தவர் அந்தக் கண்ணாடிக்கு வேறு அளவு போல்ட் போடுவார்கள் என்று சரியாகவே சொன்னார் என்பதையும் போகிற போக்கில் சொல்வேன். இப்போது அந்த ஸ்டோர்காரர்தான் மனதில் நிற்கிறார். அவர் சொன்னதுதான் சரி. வேலையைச் செய்ய வந்தவரோ ஷிப்டுக்கே மேலாளர். கழற்றியது என்ன அளவோ அதையே போடுவேன் என்று அவர் முடிவு செய்த பிறகு, ஸ்டோர்காரர் இன்னும் எவ்வளவு தூரம் வாதாடியிருக்க முடியும்? உறுதியாத் தெரியுமா என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா 243, போயிங் 737, 24,000 அடியில் முன்பக்கக் கூரையை இழந்தது. பணிப்பெண் ஒருவர் காற்றில் இழுக்கப்பட்டு இறந்தார். கிட்டத்தட்ட 90,000 முறை பறந்து களைத்த உடல்பகுதி, ஒட்டு விட்டுப்போன இணைப்பு, ரிவெட் ஓரங்களில் வெடிப்புகள் என்று காரணம் கண்டார்கள். ஏறும்போதே ஒரு பயணி வெளிப்புறத்தில் ஒரு கீறலைப் பார்த்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு கீறல் மாதிரி இருக்கிறது என்பதைத் தவிர அவரால் என்ன சொல்லியிருக்க முடியும்? விபத்து நடக்கும்முன் யாருக்கும் கிடைப்பது அந்த "மாதிரி" மட்டும்தான். உறுதி என்பது விசாரணை அறிக்கையில், கடைசியில்தான் வருகிறது. இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த நான், என் மேஜைக்கு அது வந்தபோது உறுதியைக் கேட்டேன்.

அன்று யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலிடத்திலிருந்து போன் வரவில்லை. அழுத்தம் இருந்தது என்று சொல்லிக்கொள்ள முடிந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். களைப்பு இருந்தது, அவ்வளவுதான். வேலை முடிந்துவிட்டது என்று மனம் முடிவு செய்த பிறகு அதைத் திரும்பத் திறப்பதில் இருக்கும் சலிப்பு பேனல்களைவிடக் கனமானது.

எதுவும் ஆகவில்லையே என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574 நினைவுக்கு வரும்வரை. 1991 செப்டம்பர் 11, டெக்சாஸ். வால்பகுதியில் கிடைமட்ட இறக்கையின் முன் விளிம்பில் 47 ஸ்க்ரூக்களை ஒரு ஷிப்ட் கழற்றியது. ஷிப்ட் மாறும்போது அந்தச் செய்தி அடுத்தவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. அவர்கள் மறுபக்கத்து வேலையை மட்டும் முடித்து விமானத்தை அனுப்பினார்கள். காலையில் முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது. திரும்பி வரும்போதுதான் விளிம்பு பிய்ந்து, விமானம் சிதறி, 14 பேரும் இறந்தார்கள். முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது என்ற அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை.

இரண்டு நாள் கழித்து அதே விமானம் இரவு தங்கியபோது, கேபிள் இழுவிசையைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒரு காரணம் சொல்லி அந்தப் பேனல்களைத் திறக்க வைத்தேன். நானே டார்ச்சும் கண்ணாடியுமாகப் பார்த்தேன். எதுவும் இல்லை. அப்பாடா என்று இருந்தது. வீட்டுக்குப் போகும்போதுதான் உறைத்தது: அவனை நம்பினேன் என்று இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேனே, நம்பியிருந்தால் எதற்குத் திறந்தேன்? நம்பவில்லை என்றால், நடுவில் அந்த இரண்டு நாள் எத்தனை பேர் அதில் பறந்தார்கள்? அவனைக் கூப்பிட்டு நேராகக் கேட்காமல், வேறு வேலைக்கென்று பொய்க் காரணம் சொல்லித் திறந்தது அந்தக் கேள்வியைவிட மோசமாகப் படுகிறது. சில நாள் அப்படித் தோன்றாது. பையனைக் கூட்டத்தில் நிறுத்தாமல் காப்பாற்றினேன் என்று தோன்றும்.

கண்ணில் படாததால் அங்கே இல்லை என்று ஆகிவிடாது. 1996 அக்டோபர் 2 அன்று ஏரோபெரு 603 கிளம்பும்போது, காற்றழுத்தத்தை அளக்கும் ஸ்டாடிக் துளைகளின் மேல் டேப் ஒட்டியிருந்தது. விமானத்தைக் கழுவும்போது ஒட்டியதை எடுக்க மறந்திருந்தார்கள். பார்க்க வேண்டியவர்கள் கண்ணில் அது படவில்லை. இருட்டில், கடலுக்கு மேல், உயரமும் வேகமும் தப்பாகக் காட்ட, 70 பேர் இறந்தார்கள்.

ராணுவத்தில் இதற்கு இரண்டு பக்கமும் பார்க்கலாம். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் கார்ல் வின்சனில் ஒரு மாலுமி தன் கருவி ஒன்று தளத்தில் தொலைந்துவிட்டது என்று தானாக வந்து சொன்னார். வானில் இருந்த விமானங்களையெல்லாம் கரைக்குத் திருப்பிவிட்டு, தளம் முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தார்கள். மறுநாள் அவரை எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள். அதே நாட்டின் விமானப்படையில், 1995இல் ஜெர்மனியின் ஸ்பாங்டாலம் தளத்தில் ஒரு எஃப்-15 கிளம்பியவுடன் விழுந்து விமானி இறந்தார். கட்டுப்பாட்டுத் தண்டுகளை இடம் மாற்றி இணைத்திருந்தார்கள். அதே தவறு அந்த ரக விமானங்களில் முன்பும் நேர்ந்திருந்தது. இரண்டு மெக்கானிக்குகள் மேல் குற்றம் சாட்டினார்கள். ஒருவர் ராணுவ நீதிமன்ற விசாரணை வரும்போது தன் உயிரை மாய்த்துக்கொண்டார். கார்ல் வின்சன் கதையை வகுப்பில் எப்போதும் சொல்வேன். இந்த இரண்டாவதை ஒரு முறைதான் சொன்னேன். அன்று வகுப்பில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், அதற்குப் பிறகு சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். அன்று என் மேஜை முன்னால் பேசாமல் நின்றானே, அந்தப் பையனுக்கு எந்தக் கதை நினைவுக்கு வந்திருக்கும்?

அவன் பிறகு வேறு நிறுவனத்துக்குப் போனான். நல்ல கைக்காரன், பொறுப்பானவன், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சில மாதங்களுக்கு முன் போன் செய்தான். இப்போது அவனே ஷிப்டைப் பார்த்துக்கொள்கிறானாம், அவனுக்குக் கீழே பத்துப் பேராம். பெருமையாக இருந்தது. பேசி முடிக்கும்போது சொன்னான்: "எல்லாம் நீங்க கத்துக்குடுத்தது சார். உறுதியாத் தெரிஞ்சா மட்டும்தான் வாயத் திறக்கணும்னு என் பசங்ககிட்டயும் சொல்லிட்டே இருக்கேன்."

நன்றியோடுதான் சொன்னான். நான் சந்தோஷம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அன்றிரவுதான் இதை எழுத ஆரம்பித்தேன். நான் அவனுக்கு அதைக் கற்றுக்கொடுக்கவே இல்லை என்று எழுத நினைத்தேன். ஒருவேளை வேறு எதையாவது மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அந்த இரவே அவனுக்கு மறந்துபோயிருக்கலாம். பிட் ட்ராலிக்கு அடியிலேயே கிடந்திருக்கலாம், அதற்கும் எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

அவன் எண் என்னிடம் இருக்கிறது. கூப்பிட்டு, "தம்பி, அந்த பிட் நிஜமாவே கிடைச்சுதா?" என்று கேட்டால், "ஆமா சார்" என்பான். அதற்கு மேல் கேட்க வேண்டுமென்றால், அன்று கேட்ட அதே கேள்வியைத்தான் நான் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும்.