ரெனுவாரின் ‘குடைகள்’ நகல்: இரண்டு நீலம், இரண்டு கை

நாங்கள் நகலெடுத்துவரும் ‘குடைகள்’ படத்தைப் பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1881 வாக்கில் தொடங்கி, சில ஆண்டுகள் அப்படியே விட்டுவிட்டு, 1885–86 வாக்கில் முடித்தார். அந்த இடைவெளி கேன்வாஸிலேயே தெரிகிறது. வலப்பக்கத் தாயும் சிறுமிகளும் மென்மையான, கலைந்த பிரஷ் வீச்சில் இருக்கிறார்கள். இடப்பக்கம் கூடையோடு நடக்கும் பெண்ணுக்கோ இறுக்கமான விளிம்புக்கோடு. இடையில் இத்தாலிக்குப் போய் ரஃபேலின் சுவரோவியங்களைப் பார்த்து வந்திருந்தார் ரெனுவார். எக்ஸ்-ரே படத்தில் அந்தப் பெண்ணின் தலையில் முதலில் தொப்பி இருந்ததும், உடையில் அடுக்கடுக்காகக் கொசுவ மடிப்பு இருந்ததும் தெரியவந்தன. வரைந்ததை மூடி, எளிய உடையில் திரும்ப வரைந்திருக்கிறார்.

நகலெடுப்பவருக்கு இதைவிட முக்கியமான செய்தி நிறத்தில் இருக்கிறது. முதல் கட்டத்தில் கோபால்ட் நீலம், இரண்டாம் கட்டத்தில் செயற்கை அல்ட்ராமரைன் என்ற இன்னொரு நீலம். ஒரே டியூபை வைத்துப் படம் முழுக்க ஓட்டினால் எவ்வளவு கவனமாக வரைந்தாலும் ரெனுவார் வரமாட்டார். டியூபின் பின்புறம் பிபி 28 (PB28) என்ற நிறமிக் குறியீடு இருந்தால்தான் அது அசல் கோபால்ட். ‘ஹியூ’ (Hue) என்று போட்டிருப்பது பெரும்பாலும் வேறு நீலங்களின் கலவை. அல்ட்ராமரைனுக்கு பிபி 29.

மூலத்தின் அளவு 180.3 × 114.9 செ.மீ. மூன்றில் ஒரு பங்காக 60 × 38 செ.மீ. எடுத்திருக்கிறோம். கேன்வாஸைத் தயார் செய்யும் வெள்ளை அடிப்பூச்சான ஜெஸ்ஸோ மூன்று பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் மெல்லிய உப்புத்தாள். சொரசொரப்பு மிஞ்சினால் சிறுமிகளின் முகம் கெட்டுப்போகும்.

வலப்பக்கத்தை ஈரம் காயுமுன் முடிக்க வேண்டும். வளையம் பிடித்த சிறுமியின் உடைக்குக் கோபால்ட் ஒரு பங்கு, டைட்டானியம் வெள்ளை அரைப் பங்கில் தொடங்கி, வெளிச்சம் படும் இடத்தில் மட்டும் வெள்ளையைக் கூட்டலாம். டைட்டானியம் மூர்க்கமான வெள்ளை. கொஞ்சம் மிஞ்சினாலும் நீலம் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். மென்மை வேண்டுமென்று தேய்த்துக்கொண்டே இருந்தால் நிறம் செத்துப்போகும். ஒரு வீச்சு, அதன் மேல் ஓரத்தை மட்டும் உலர்ந்த பிரஷ்ஷால் ஒருமுறை தொட்டுவிடுவது; அவ்வளவே.

இடப்பக்கம் வேறு வேலை. முதல் நிறப்பூச்சில் எண்ணெய் சேர்க்காமல், டர்பெண்டைனில் மட்டும் நீர்க்கக் கரைத்து, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டோம். மேல்பூச்சுக்கு லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயும் டர்பெண்டைனும் சம அளவு. இதைத் தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து இறுகும். கீழே இன்னும் அசையும் எண்ணெய்ப் பூச்சு அதை விரிசல் விடவைக்கும். சாம்பல் நீல உடைக்கு அல்ட்ராமரைனோடு துளி பர்ன்ட் அம்பர் என்ற அடர்பழுப்பு, பிறகு வெள்ளை. கறுப்பைச் சேர்த்தால் துணி அழுக்காகத் தெரியும். பிரஷ் மடிப்பின் போக்கிலேயே ஓட வேண்டும்.

இரண்டு பக்கமும் சந்திக்கும் இடத்தில் வேறுபாட்டை மழுப்பிச் சமன் செய்யக் கை துறுதுறுக்கும். செய்யக்கூடாது. படத்தின் வரலாறே அங்கேதான் இருக்கிறது.

மிச்சமிருப்பது மேலே உள்ள குடைகள். நிறத்துக்கு முன் கம்பிகளின் சாய்வைக் கோட்டில் பிடிக்க வேண்டும். ஒரு வளைவு தவறினால் பக்கத்துக் குடையும் சரியும். எல்லாவற்றுக்கும் ஒரே கலவை வைத்தால் கரிய திட்டாகத் திரண்டுவிடும் என்பதால், பேலட்டில் மூன்று சாம்பல் நீலங்களைத் தனித்தனியே கலந்து, அடுத்தடுத்த குடைகளுக்கு மாற்றி மாற்றிப் போடப் போகிறோம்.