விலை, அணா, சென்னை

ஆகஸ்ட் 2

அணாக் காலத்துப் பத்திரிகையின் முதல் பக்கம் மாதிரி ஒன்றை, 1978க்கு முந்திய ஈய எழுத்தில் கோர்த்து அச்சடிக்கப் போகிறோம். 12 பாயிண்டு கேஸை, அதாவது அறை அறையாகப் பிரித்த எழுத்துத் தட்டை, இறக்கி எண்ணியாயிற்று. தும்பிக்கை போட்ட பழைய 'லை' 14. சுழித்த 'ணா' 9. தும்பிக்கை 'னை' 6. பக்கத்துக்கு வேண்டியது 27, 17, 11.

1978 எழுத்துச் சீர்திருத்தம் மாற்றியது 13 எழுத்துகளை: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. சின்னப் பட்டியல்தான். ஆனால் அந்தக் காலத்துக் கடைக்காரருக்கு வேண்டிய சொற்களெல்லாம் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. விலை. அணா. சென்னை. சேலை. புகையிலை. தலைவலி. மூக்குக் கண்ணாடி. இங்கே தட்டும்போது புது வடிவம்தான் வருகிறது. பழையதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

ஆகஸ்ட் 3

இந்தக் கேஸைத் தெரிந்த அய்யா இன்றும் வரவில்லை. காய்ச்சல் இறங்கவில்லையாம்.

ஆகஸ்ட் 5

பக்க அமைப்பு முடிவாகிவிட்டது. 10×15 அங்குல சேஸ் (எழுத்தை இறுக்கும் இரும்புச் சட்டம்), மூன்று பத்தி, பத்திக்கு 12 பைக்கா எம், அதாவது 2 அங்குலம். நடுவில் கோடு போடும் பித்தளை ரூல். செய்தி ஒரு வரிகூடக் கிடையாது, ஒன்பதும் விளம்பரம். முதல் பக்கத்தில் விளம்பரம் மட்டுமா என்று கேட்டார்கள். 'தி இந்து' 1958 வரை முதல் பக்கத்தை விளம்பரத்துக்குத்தான் கொடுத்து வந்தது.

விலையை எப்படிப் போடுவது என்பதில் பிழை வரக்கூடாது. ரூ. 1-4-0 என்றால் ஒரு ரூபாய், நாலு அணா, பை இல்லை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. ஒரு ரூபாய்க்குக் கீழே போனால் எண்ணோடு 'அணா' என்று எழுத்திலேயே கோர்க்க வேண்டும். மலிவுச் சரக்கு கூடக்கூட 'ணா' தேவையும் கூடுகிறது. எந்த ஒன்பது விளம்பரம் என்று தேர்ந்தபோது இதை யோசித்திருக்க வேண்டும்.

தபாலைப் பற்றிய வரியை விடக்கூடாது. வி.பி. தபால் 1877இல் வந்தது. வெளியூர்க்காரர் பணத்தை முன்னால் அனுப்ப வேண்டாம், பார்சல் வரும்போது தபால்காரரிடம் கொடுத்தால் போதும். மவுண்ட் ரோட்டில் 1844 முதல் புத்தகம் விற்ற ஹிக்கின்பாதம்ஸுக்கும், 1849 முதல் கடிகாரம் விற்ற பி. ஆர் அண்டு சன்ஸுக்கும் வண்டி கட்டிக்கொண்டு வாசலுக்கே வருகிறவர்கள் இருந்தார்கள். சந்துக்குள் தைலம் காய்ச்சியவருக்கு விளம்பரம்தான் வாசல். அதனால் கடைசி மூன்று வரி எப்போதும் ஒரே வரிசை: விலை, தபால் கூலி வேறு, முழு விலாசம். விலாசத்தில் சென்னை. மறுபடி அந்த 'னை'.

ஆகஸ்ட் 8

கடிகாரப் படத்தை அச்சிடும் பிளாக் எழுத்தைவிட உயர்ந்து நிற்கிறது. எழுத்தின் உயரம் 0.918 அங்குலம். பிளாக் 0.925. துத்தநாகத் தகட்டில் கோளாறில்லை, அடிக்கட்டை மழையில் ஊதிவிட்டது. அப்படியே ஓட்டினால் பிளாக் தாளைக் குத்திவிடும், சுற்றியுள்ள எழுத்து மங்கும். கட்டையின் அடியை உப்புத்தாளில் தேய்த்து, நாலு மூலையையும் தனித்தனியே அளக்க வேண்டும். நடுவை மட்டும் தேய்த்தால் பிளாக் ஆடும்.

மூக்குக் கண்ணாடி பிளாக் நேர் எதிர், 0.910. அடியில் மெல்லிய தாள் மூன்று ஒட்டியதும் சரியாயிற்று. தாள் ஒன்றுக்கு 3 'தவ்' கணக்கு, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு.

ஆகஸ்ட் 9

'லை' 14தான். இன்னொரு முறை எண்ணியும்.

ஆகஸ்ட் 11

சேஸைத் தூக்கினதும் சேலை விளம்பரத்தில் நாலு வரி கீழே கொட்டிவிட்டது. எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கில் வரி தளர்ந்திருந்தால், சேஸை இறுக்கும் ஆப்பான கோயினை எவ்வளவு முடுக்கினாலும் பிடிக்காது. அளவுக்கு மேல் முடுக்கினால், சேஸில் இறுக்கிய ஃபாரம் நடுவில் வில்லாக எழும்பிவிடும். கோர்க்கும்போதே வரி, ஸ்டிக்கைச் சாய்த்தாலும் விழாமல், விரலால் தள்ளினால் மட்டும் நகர வேண்டும். மெல்லிய ஸ்பேஸைச் சொல்லுக்கு நடுவில் செருகி இறுக்க வேண்டுமே தவிர வரியின் கடைசியில் திணிக்கக்கூடாது. கோயின் முடுக்குவதற்கு முன் மட்டப்பலகையால் தட்டியாக வேண்டும்.

கொட்டியதில் ஒரு 'லை' முகம் நசுங்கிப் போயிற்று. 13.

ஆகஸ்ட் 12

முதல் புரூப். இல்லாத எழுத்துக்கு அதே அகலத்தில் வேறு எழுத்தைக் குப்புறப் போட்டிருந்தோம், வரி ஓட வேண்டுமே. அடிப்பாகம் மை வாங்கி இரண்டு கறுப்புக் கட்டையாக விழுந்திருக்கிறது. வி■, அ■, சென்■. பக்கம் முழுக்க விலையின் இடத்தில்தான் ஓட்டை. பார்க்கவே முடியவில்லை.

ஆகஸ்ட் 13

மதுரைப் பக்கம் ஓர் அச்சகத்தில் பழைய கேஸ்கள் இருப்பதாகத் தகவல் வந்தது. கேட்டபோது, போன மாதமே ஈயமாக எடைக்குப் போய்விட்டதாம். காரீயம், ஆன்டிமனி, வெள்ளீயம். உருக்கிவிட்டால் எது 'லை', எது 'கு'?

ஆகஸ்ட் 14

வழி மூன்று. ஒன்று, பாலிமர் தகடு. கோடு கத்தி மாதிரி விழும், தேய்ந்த ஈயத்தின் பக்கத்தில் ஒட்டாது. இரண்டு, புது 'லை' போடுவது. அது பொய், கூடாது. மூன்று, ஒரே தாளை இரண்டு தரம் ஓட்டுவது. முதலில் ஐந்து விளம்பரம், பிறகு எழுத்தைப் பிரித்து மற்ற நாலையும் கோர்த்து ஓட்டுவது. அதற்கு 'லை' 14 வேண்டும், 13 இருக்கிறது.

ஒரே விளம்பரம் மாதக்கணக்கில் எழுத்து மாறாமல் வந்ததன் காரணம் இங்கேதான் தெரிகிறது. கோர்த்ததைக் கயிறு கட்டி 'கேலி' என்ற தட்டில் நிறுத்தி வைத்தால் மறுநாளைக்குக் கோர்ப்புக் கூலி இல்லை. தொடர்ந்து போடுகிறவருக்குக் கட்டணம் குறைத்ததும் அதனால். ஆனால் நிறுத்திவைத்த ஒவ்வொரு மேட்டரும் நாலு 'லை'யைச் சிறைபிடிக்கும். சின்ன அச்சகத்துக்கு அது எவ்வளவு பெரிய பாரம்!

ஆகஸ்ட் 16

அமிர்தாஞ்சனத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் தொடங்கியது. கச்சேரிகளில் தைலத்தை இலவசமாகக் கொடுத்தார். 1908இல் 'ஆந்திர பத்ரிகா' வாரப் பத்திரிகையை ஆரம்பித்து, 1914இல் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். விளம்பரம் கொடுக்கிறவரே பத்திரிகைக்காரர் ஆனார். இன்று தலைவலிக்கு அதே தைலம்தான்.

ஆகஸ்ட் 17

அய்யா ஃபோனில் பேசினார். குரல் எழும்பவில்லை. "'ளை' அறையில பாத்தியா? பிரிச்சுப் போடுறவன் அவசரத்துல அங்கதான் போட்டிருப்பான்."

இரண்டு இருந்தன! 15.

ஆகஸ்ட் 19

'ணா'வின் சுழியெல்லாம் மை அடைத்துக் கறுப்புப் பொட்டாகிவிட்டது. மை கூடுதல், ரோலரும் தாழ்வு. அளவுக்கட்டையில் ரோலரின் தடம் 3 மில்லிமீட்டருக்குமேல் இருந்தால் எழுத்தின் விளிம்புக்குக் கீழேயும் மை இறங்கும். ரோலர் ஓடும் தண்டவாளத்தில் டேப் ஒரு சுற்று ஒட்டி ரோலரை உயர்த்தியாயிற்று. எழுத்தை மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷால் தேய்த்துத் துணியில் ஒற்ற வேண்டும். ஊசியால் சுழியைக் குத்தினால் ஈயம் கீறிவிடும்.

ஆகஸ்ட் 20

முதல் ஓட்டம் முடிந்தது. 150 தாளும் 20 கழிவும். நாளைய நாலு விளம்பரத்தின் இடத்தில் அதே அளவுக்கு மரக்கட்டை. தாள் ஒரே இடத்தில் நிற்க மூன்று ஊசி: கீழே இரண்டு, இடப்பக்கம் ஒன்று. ஊசியை இனி யாரும் தொடக்கூடாது. இரவெல்லாம் எழுத்துப் பிரிப்பு. தாள் காற்றின் ஈரம் வாங்கி நீளாமல் பாலிதீனில் சுற்றிப் பாரம் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 21

விடிகாலையிலிருந்து மழை. சுற்றி வைத்தும் தாள் நீண்டிருக்கிறது, வலப்பக்கத்து விளம்பரம் அரை மில்லிமீட்டர் ரூலில் ஏறுகிறது. ஊசிக்கும் தாளுக்கும் நடுவே விசிட்டிங் கார்டு அட்டை ஒன்று வைத்ததும் விலகிற்று.

40 தாள் ஓடியிருக்கிறது. புகையிலை விளம்பரத்தில் ஒரு 'ணா'வின் வால் ஒடிந்திருக்கிறது. எந்தத் தாளிலிருந்து என்று பார்க்க வேண்டும். உபரி 'ணா' ஒன்று இருக்கிறது. மெஷினை நிறுத்தச் சொல்லியாயிற்று.