நிக்கல் கேட்டலிஸ்ட் ப்ராஜெக்ட்டா? முதல்ல கேஓஹெச் பாட்டிலைப் பாருங்க

எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கோ பிஹெச்டிக்கோ நிக்கல் வச்சு தண்ணிய பிரிக்கிற வேலை, அதுலயும் ஆக்சிஜன் வர்ற பக்கம், அதாவது ஓஇஆர் எடுத்திருக்கிற ஜூனியர்ஸுக்காக இத எழுதுறேன். நிறைய பேர் மெட்டீரியல் பண்றதுலயும் எஸ்இஎம் (எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்) படம் எடுக்குறதுலயுமே நாள ஓட்டிடுறாங்க, ஆனா வைவால மடக்குற கேள்வி வேற: "இந்த ஆக்டிவிட்டி நிக்கலோடதா, இரும்போடதா?"

விஷயம் என்னன்னா, நாம கரைசலுக்கு வாங்குற கேஓஹெச், அதாவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரத்துலயே துளியூண்டு இரும்பு இருக்கும், அது கரைசல்ல இருந்து நம்ம நிக்கல் ஹைட்ராக்சைடுக்குள்ள தானாவே போய் உக்காந்துக்கும். இத காரிகன்ங்கிற ஆராய்ச்சியாளர் 1987லயே காட்டிட்டாரு. 2014ல ட்ராட்டோஷா, போட்ச்சர் டீம் இரும்பு எடுத்த கேஓஹெச்ல ஓட்டிப் பார்த்தா வெறும் நிக்கல் ஆக்ஸிஹைட்ராக்சைடு ரொம்ப சுமாரான கேட்டலிஸ்ட்டாதான் இருந்துச்சு. வேற எத படிக்கலன்னாலும் இந்த ரெண்டு பேப்பரையும் வரி வரியா படிச்சிடுங்க.

சுத்தம் பண்றதும் பெரிய வித்தை இல்ல. ஹை ப்யூரிட்டி நிக்கல் நைட்ரேட்ட கரைச்சு கேஓஹெச் ஊத்துனா பச்சையா வீழ்படிவு வரும், அத நல்லா கழுவிட்டு உங்க கேஓஹெச்ச அதுமேல ஊத்தி குலுக்கி சில மணி நேரம் விட்டுட்டு சென்ட்ரிஃப்யூஜ் போட்டா இரும்பெல்லாம் அந்தப் பச்சைல தங்கிடும், மேல தெளிஞ்சத மட்டும் எடுத்துக்கலாம். எல்லாமே பிளாஸ்டிக் பாத்திரத்துல பண்ணுங்க, காரம் கண்ணாடிய அரிக்கும்.

அடுத்தது சிவி, அதாவது வோல்டேஜ ஏத்தி இறக்கி கரண்ட் பாக்குற சைக்ளிக் வோல்டாமெட்ரி. நிக்கல் +2 நிலைல இருந்து +3க்குப் போற பீக் பெரும்பாலும் 1.35ல இருந்து 1.45 வோல்ட்டுக்குள்ள, ஆர்ஹெச்இ (ரிவர்சிபிள் ஹைட்ரஜன் எலக்ட்ரோடு) ஸ்கேல்ல, ஓஇஆர் கரண்ட்ட ஒட்டியே வரும். நிக்கல் ஃபோம்ல (துளை துளையா இருக்குற நிக்கல்) கேட்டலிஸ்ட் லோடிங் ஜாஸ்தியா இருந்தா அந்த பீக்கே சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லியாம்ப தாண்டிடும், உடனே 1.38ல இருந்து தியரிப்படி வேண்டிய 1.23 கழிச்சு ஓவர்பொட்டென்ஷியல் (அதுக்கு மேல கூடுதலா தேவைப்படுற வோல்டேஜ்) 150 மில்லிவோல்ட்னு எழுதிடுறாங்க. அந்த இடத்துல எலக்ட்ரோட உத்துப் பாருங்க, ஒரு குமிழி கூட வராது! அது நிக்கல் ஆக்சிடைஸ் ஆகுற கரண்ட், ஆக்சிஜன் இல்ல. அதனால ரிவர்ஸ் ஸ்கேன்ல (வோல்டேஜ் இறங்குறப்போ) படிங்க, இல்லன்னா 10 மில்லியாம்ப்ல நிலையா நிறுத்தி வோல்டேஜ் பாருங்க, இதுதான் எனக்கு நம்பிக்கையான வழி. லாங் ரன்னுக்கு முன்னாடியும் பின்னாடியும் சிவி எடுத்து மேல மேல வச்சுப் பாருங்க, பீக் அதிக பொட்டென்ஷியல் பக்கம் நகர்ந்திருந்தா இரும்பு உள்ள போயிருக்கோன்னு முதல்ல சந்தேகப்படணும்.

ரெஃபரன்ஸ் எலக்ட்ரோடுக்கு மெர்க்குரி மெர்க்குரிக் ஆக்சைடு போடுங்க, சில்வர் குளோரைடு 1 மோலார் காரத்துல நிலையா நிக்காது. வெறும் ஃபோம அதே கரைசல்ல ஓட்டுன டேட்டா தீசிஸ்ல கண்டிப்பா இருக்கணும். ஹைட்ரஜன் பக்கமும் பண்றீங்கன்னா கவுன்ட்டர் எலக்ட்ரோடுக்கு (எதிர்ப்பக்க எலக்ட்ரோடு) ப்ளாட்டினம் வேண்டாம், அது கரைஞ்சு வந்து நிக்கல் மேல படியும், கிராஃபைட் ராட் போடுங்க.