டிஸ்னிலேண்டில் மாறாத கப்பல்

கலிபோர்னியாவிலிருந்து லீவுக்கு வந்த தங்கச்சி மகளோட விவேகானந்தர் பாறைக்குப் படகுல போனேன். "மாமா, டிஸ்னிலேண்ட்லயும் பெரிய கப்பல் உண்டு"ன்னா.

மார்க் ட்வைன் நீராவிக் கப்பல்! 1955 ஜூலை 17, பூங்கா திறந்த அன்னைக்கே ஓடினது. இன்னைக்கும் நீராவிதான். பின்பக்கம் துடுப்புச் சக்கரம் தண்ணியை அள்ளி அள்ளிக் கொட்டும். தண்ணிக்கடியில கிடக்கிற தண்டவாளம்தான் வழிகாட்டும், "தெரியுமா மக்களே?"ன்னேன். அவளுக்கு ஆச்சரியம் தாங்கல.

2016-ல புது ரைடுகளுக்காக, கப்பல் ஓடுற பூங்காவோட செயற்கை ஆத்தையே சுருக்கினாங்க. கப்பலை விட்டுக்கொடுக்கல. அந்த மனசு பெருசு. பூங்காவைச் சுத்துற ரயிலோட, திறந்த வருஷத்து ரெண்டு இஞ்சினும் இன்னும் ஓடுது.

புளோரிடாவுல இருக்கிற டிஸ்னி பூங்காவுல இதே மாதிரி ஆத்தை 2025-ல மூடிட்டாங்க. ரொம்ப வருத்தம். கலிபோர்னியா கப்பலையாவது தொடாம இருக்கட்டும்.